மனசு இருக்கு, சரி. அப்புறம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். ஒரு தம்பி வந்து எதிரே உட்கார்ந்தான். செம்பனை லோரி ஓட்டும் மாமா ஒருவருடைய மகன். கோலாலம்பூரில் அனைத்துலக உறவுகள் படித்து முடித்துவிட்டு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறான். "அண்ணே, நீங்க வங்காளதேசம், ஆப்பிரிக்கா எல்லாம் போய் அகதிங்களுக்கு வேலை செஞ்சீங்களாமே, நானும் அப்படிப் போகணும்ணே. காசா வீடியோ பார்த்துட்டு ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்றான்.

நான் பதிலுக்குக் கேட்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு என்ன வேலைப்பா தெரியும்?"

"மனசு இருக்குண்ணே."

மனசு இருக்கு, சரி. அப்புறம்?

அவனுடைய அக்கா அரசு மருத்துவமனையில் தாதி, நான்கு வருட அனுபவம். "உங்க அக்கா நினைச்சா இன்னைக்கு ராத்திரியே விண்ணப்பம் போடலாம். உன்னால முடியாது" என்றேன். சிரித்தான், ஆனால் முகம் வாடிவிட்டது. தோசை வந்தது, சாம்பார் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒரு தே தாரேக் குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான், அவனைப் போல எனக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நிறையப் பேர் இதை ஒரு தொண்டு என்று நினைக்கிறார்கள். அங்கே போனால் அது ஓர் உத்தியோகம், அவ்வளவுதான். காலையில் கூட்டம், கையில் பட்டியல், கையெழுத்து, கணக்கு, அறிக்கை. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்று 1971-இல் பிரான்சில் தொடங்கிய அமைப்பின் பெயரில் மருத்துவர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒரு மருத்துவர் ஒரு நோயாளியைத் தொட வேண்டும் என்றால் அவருக்குப் பின்னால் தண்ணீர்க்காரர், ஜெனரேட்டர் பார்ப்பவர், தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பவர், வண்டி பார்ப்பவர், கிடங்குக்காரர், சம்பளக் கணக்குப் போடுபவர் என்று ஒரு கூட்டமே நிற்க வேண்டும். அந்த அமைப்புக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 2 ஆண்டுத் தொழில் அனுபவம் கேட்பார்கள். முதல் பணி, மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பொதுவாக 9 மாதம் முதல் ஒரு வருடம். நம் தோட்டத்துப் பழைய கிராணிமார்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை மூட்டை உரம் வந்தது, எத்தனை போனது, எது நனைந்தது, யார் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு நோட்டில் பிசகாமல் வைத்திருப்பார்களே, அந்த ஆள் ஒரு நிவாரணக் கிடங்குக்குத் தங்கம்.

என் கதை தண்ணீரில் தொடங்கியது. அப்பா தோட்டத்தில் பம்பு வீட்டு ஆள். பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட்ட காலத்திலும் அவர் வேலை மட்டும் மாறவில்லை. கால்வாய்த் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். படிகாரக் கட்டியைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுப் போவார். மத்தியானம் எட்டிப் பார்த்தால் சேறு அடியில் படுத்திருக்கும், மேலே முகம் தெரியும். அதற்கு அப்புறம்தான் குளோரின் தூள், பழைய மைலோ டின்னில் அளந்து. ஏன் முதலிலேயே போடக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "சேறு தின்னுடும்டா" என்றார். பிறகு ஈப்போவில் பொலிடெக்னிக் படித்தபோது ஒரு விரிவுரையாளர் இதையே ஒரு மணி நேரம் பலகையில் எழுதி விளக்கினார். எனக்கு அப்பாவின் இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. அப்புறம் எட்டு வருடம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொழில்நுட்பர் வேலை. 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்தின்போது விடுப்புப் போட்டுவிட்டுத் தொண்டூழியனாகப் போனேன். அங்கேதான் இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

2018 ஏப்ரலில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் போனேன். முந்தைய ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களிலேயே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் மியன்மாரிலிருந்து எல்லை தாண்டி வந்து சேர்ந்த இடம். மரம் எல்லாம் போய் மொட்டையாக நிற்கும் மண் குன்றுகள், அதன்மேல் மூங்கிலும் தார்ப்பாயும், கண்ணுக்கு எட்டியவரை. அவசரத்தில் தோண்டிய ஆழமில்லாத அடிபம்புகள், அதிலிருந்து சில அடி தள்ளியே கழிவறைக் குழிகள். மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.

அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை நான்கு வாளி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நான்கு வாளிதான், ஒவ்வொன்றும் 20 லிட்டர். 65 முதல் 70 சதம் குளோரின் உள்ள தூளை லிட்டருக்கு 15 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 1 சதக் கரைசல் கிடைக்கும். அதை ஊசிக்குழாயில் எடுத்து முதல் வாளிக்கு 1 மில்லி, அடுத்ததற்கு 1.5, பிறகு 2, பிறகு 2.5. கிளறிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணிதான் பெரிய பாடு, ஏனென்றால் சுற்றி முப்பது நாற்பது பிள்ளைகள், வாளிக்குள் கை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கோ இந்த ஆள் தண்ணீரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வேடிக்கை. பிறகு சின்னச் சோதனைப் பெட்டியில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும். நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்து, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எந்த வாளியில் மிஞ்சி நிற்கிறதோ அதுதான் அளவு. 2 மில்லி வாளி என்று வந்தால் 10,000 லிட்டர் தொட்டிக்கு 1 லிட்டர் கரைசல். ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குதான், ஆனால் வெயிலில், தூக்கமில்லாமல், மூன்று பேர் மூன்று மொழியில் கத்திக்கொண்டிருக்கும்போது போட வேண்டும். அளவு கூடினால் வாடை பிடிக்காமல் மக்கள் பழைய அடிபம்புக்கே திரும்பிவிடுவார்கள். குறைந்தால் வயிற்றுப்போக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம், அதில் தினமும் நிற்க வேண்டும்.

ஸ்பியர் என்று ஒரு கையேடு இருக்கிறது, 1997-இல் தொடங்கிய முயற்சி, இந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் படிக்க வேண்டியது, இணையத்தில் இலவசம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, வீட்டிலிருந்து குழாய் 500 மீட்டருக்குள், 20 பேருக்கு ஒரு கழிவறை என்று அதில் வரிசையாக இருக்கும். முதல் தடவை படித்த ராத்திரி எனக்கு வேறு வேலை ஓடவில்லை, நான் பிறந்த லயத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 12 கதவு, கதவுக்கு 6 பேர் என்றால் 72 பேர். பொதுக்குழாய் ஒன்று, கழிவறை மூன்று. குழாய்க் கணக்கில் நாங்கள் தேறிவிட்டோம். கழிவறைக் கணக்கில் 24 பேருக்கு ஒன்று, தோல்வி. அகதி முகாமுக்கு உலகம் வைத்த ஆகக் குறைந்த அளவு அது. இதை எங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அந்த மூணுல ஒண்ணு எப்பவும் உடைஞ்சுதானே கிடக்கும், அதையும் கழிச்சியா?" என்று கேட்டார்.

இன்னொன்று. தண்ணீர் வரிசையில் ஒரு பெரியவர் என் சட்டையில் இருந்த கொடியைப் பார்த்துவிட்டு "அப்பா கபார்?" என்றார், நலமா என்று. சுத்தமான மலாய். அவருடைய மகன் கோலாலம்பூர் பக்கம் செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறானாம், வாரம் ஒருமுறை பேசுவானாம், தெரியுமா என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. செலாயாங் சந்தைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், காய்கறி வாங்கியிருக்கிறேன், மூட்டை தூக்குகிறவன் முகத்தை நான் எப்போது பார்த்தேன்? மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975-இல் வியட்நாம் படகு மக்கள் வந்த காலத்திலிருந்து கோலாலம்பூரில் இருக்கிறது, ஆனாலும் அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை, சமூகம் நடத்தும் சின்னச் சின்னக் கல்வி மையங்கள்தான். அங்கே பாடம் நடத்த, கணக்கு எழுத, பிள்ளைகளை மருந்தகத்துக்குக் கூட்டிப்போக ஆள் எப்போதும் வேண்டும். ஈழத்திலிருந்து வந்த நம் ஆட்களும் அந்த அகதிகளில் உண்டு, அவர்களுக்குத் தமிழ் பேசும் ஆள் கிடைத்தால் பாதிப் பாரம் இறங்கும். தம்பி, ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாய் இல்லையா, அதுதான் உனக்கு முதல் இடம். அதற்கு விமான டிக்கெட்டும் வேண்டாம், கடப்பிதழும் வேண்டாம்.

மொழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எழுத வர வேண்டும், பேசினால் மட்டும் போதாது. அடுத்தது பிரெஞ்சு. சாட், காங்கோ, நைஜர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, ஹைத்தி என்று வேலை இருக்கிற பல நாடுகளில் அந்த மொழியில்தான் வேலை ஓடுகிறது. நமக்கு மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நாக்கில் இருப்பதால் நாலாவது ஒன்றும் மலை இல்லை. 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரை அடித்துப் போட்ட பிறகு என்னை அங்கே அனுப்பினார்கள். அங்கே போர்த்துகீசியம், எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் கிடங்குக்காரர் கையை நீட்டி "ஷாவ், ஷாவ்" என்கிறார். நான் முழிக்கிறேன். பூட்டைக் காட்டினார். அட, சாவி! அப்புறம் பார்த்தால் ஜனேலா என்றால் ஜன்னல், மேசா என்றால் மேசை, அர்மாரியோ என்றால் அலமாரி. நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து நம் வீட்டுக்குள் புகுந்துகொண்ட சொற்கள் ஆப்பிரிக்காவில் எனக்குக் கைகொடுத்தன. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கிடங்கில் உள்ள பாதிச் சாமானுக்குப் பெயர் சொன்னேன், அவர்கள் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலரா அறிக்கையை அதே மொழியில் என் கையில் கொடுத்தபோது சாயம் வெளுத்துவிட்டது.

சரி, எப்படி நுழைவது. மலேசியாவிலிருந்து என்றால் மெர்சி மலேசியா என்ற நிவாரண அமைப்பு இருக்கிறது, 1999-இல் டாக்டர் ஜெமிலா மாமூட் கொசோவோ போர்க் காலத்தில் தொடங்கியது. அவரே பின்னாளில் அனைத்துலகச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பில் துணைப் பொதுச்செயலாளர் ஆனார். ஒரு மலேசியரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் காட்டுவேன். செம்பிறைச் சங்கம் பல மாவட்டங்களில் இருக்கிறது, முதலுதவிப் பயிற்சியில் தொடங்கலாம். ஐ.நா. தொண்டூழியர் திட்டம் ஜெர்மனியின் பொன் நகரிலிருந்து இயங்குகிறது, அதற்கு இணையத்தில் பதிந்து வைக்கலாம். வேலை விளம்பரங்களுக்கு ரிலீஃப்வெப் இணையத்தளம். பி-சேஃப் என்ற ஐ.நா. பாதுகாப்புப் பாடம், காயா என்ற நிவாரணப் பயிற்சித் தளத்தில் உள்ள பாடங்கள் எல்லாம் இலவசம். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒருமுறை போட்டால் இப்போது ஆயுளுக்கும் செல்லும். இதையெல்லாம் தேடினால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள், அதனால் நீட்டவில்லை.

தேடினால் எளிதில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்: ஓட்டுநர் உரிமம். இப்போது நம் பிள்ளைகள் பாதிப்பேர் டி.ஏ. எடுத்து வைத்திருக்கிறார்கள், கியர் இல்லாத காடிக்கு மட்டும். வெளியே நிற்பது கியர் போட்ட லேண்ட் குரூசர். பல இடங்களில் பாதுகாப்புக் காரணத்துக்காக வெளியாட்களை ஓட்ட விடவே மாட்டார்கள், உள்ளூர் ஓட்டுநர்தான் எல்லாம். ஆனாலும் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள்தான் வண்டியை எடுக்க வேண்டும். கியர் வண்டிக்கான டி வகுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு கேட்கிறவனிடம் போகாதீர்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. "சேவை" என்று சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளி வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் அநாதைப் பிள்ளைகளோடு படம் எடுத்து அனுப்புகிற சுற்றுலாக்களும் உண்டு. அதைச் சுயவிவரத்தில் போடாமல் இருப்பதே நல்லது.

இன்னும் ஒரு கசப்பு. இந்தத் துறையே இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே பெரிய கொடையாளியாக இருந்த அமெரிக்கா வெளிநாட்டு உதவிக்கான தன் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தை 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு மூடிவிட்டது. என்னோடு வேலை செய்தவர்கள், பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்கள், வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடுதான் நீங்கள் போட்டி போடுவீர்கள். அப்புறம் ஆபத்து. 2003 ஆகஸ்டு 19-இல் பாக்தாத் கனால் ஓட்டல் குண்டுவெடிப்பில் ஈராக்கில் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள், அந்த நாளைத்தான் உலக மனிதநேய நாளாக வைத்திருக்கிறார்கள். 2024-இல் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது. அதில் பெரும்பாலோர் உள்ளூர் ஆட்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படத்தில் நிற்பது நாம், பாரம் சுமப்பது அவர்கள். காக்ஸ் பஜாரில் எனக்குக் கீழே இருந்த வங்காளதேசத்துப் பொறியாளருக்கு என்னைவிட நன்றாகத் தொழில் தெரியும், என்னைவிட மிகக் குறைந்த சம்பளம். நிலைமை மோசமானால் எனக்கு விமானம் வரும், அவருக்கு வராது. அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் ஒருநாளும் அதை மறந்ததில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பல நாள் மறந்திருக்கிறேன்.

வீட்டைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. 2019 ஏப்ரலில், பெய்ராவில் காலரா தடுப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி, பம்பு வீட்டுப் படியில். மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மூத்தவன் நான். கொள்ளி வைத்தது என் தம்பி.

பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தொண்ணூறுகளில் ஒரு வெள்ளம். லயத்துக்குள் முழங்கால் தண்ணீர், நாங்கள் எல்லோரும் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். மூன்றாம் நாள் ஒரு கோஷ்டி அரிசி கொண்டுவந்தது, ஆளுக்கு ஐந்து கிலோப் பை, பின்னால் பெரிய பதாகை. பாட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். "பாட்டி, இங்க வாங்க, பேனர் மடங்கிப் போச்சு, இன்னொரு தடவை வாங்குங்க" என்று கூப்பிட்டு, பையைக் கையிலிருந்து எடுத்து, மறுபடியும் கொடுத்து, "சிரிங்க பாட்டி" என்றார்கள். பாட்டி சிரித்தார். ராத்திரி தலைமாட்டில் அந்தப் பையை வைத்துக்கொண்டு அழுதார். வாங்கினதுக்கு என்ன பாட்டி வெட்கம் என்று அம்மா கேட்டதற்கு, "வாங்கினதுக்கு இல்லடி, சிரிக்கச் சொன்னானே" என்றார்.

நான் பொறுப்பில் இருந்த எந்த விநியோகத்திலும் கைப்பேசியை வெளியே எடுக்க விட்டதில்லை. கொடையாளிக்குப் படம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வரும். குழாயைப் படம் எடுத்து அனுப்புவேன், தொட்டியைப் படம் எடுத்து அனுப்புவேன். இரண்டு தடவை கண்டனமும் வாங்கியிருக்கிறேன். போகட்டும்.

தம்பிக்கு அன்றைக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் அன்னதானத்தில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள், எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை லிட்டர் போகிறது, வரிசை எங்கே முட்டுகிறது என்று எழுதிக் கொண்டுவா என்றேன். வந்தான், எழுதினான், 340 பேர் என்று ஒரு தாளைக் கொடுத்தான். லிட்டர் கணக்கு எங்கே என்று கேட்டேன். பீப்பாயில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்க்க மறந்துவிட்டானாம். தலையைச் சொறிந்துகொண்டு பீப்பாயைப் பார்க்கப் போனான்.

நேற்று ராத்திரி புது எண்ணிலிருந்து ஒரு செய்தி. "அண்ணே, தம்பி சொன்னான். நான் அவனோட அக்கா. பிரெஞ்சு ஆன்லைன்ல எங்க படிக்கலாம்? ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்ச பிறகுதான் எனக்கு நேரம்."